இருபத்து மூன்று பல், ஓர் இடைவெளி

திருத்தணியில் முகூர்த்த நாள் வந்தால் மண்டபங்களில் இடம் கிடைக்காது. மலைமேல் தாலி கட்டிவிட்டு இறங்கி வந்து, கீழே மண்டபத்தில் வரவேற்பு வைப்பார்கள். அந்த மேடைகளின் பின்னால் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதில் பாதிக்கு மேல் அம்சாக்கா வெட்டியவை. பென்சில் கோடு போட மாட்டார். சூடான கம்பியில் ‘ழ’ எழுத்தை ஒரே இழுப்பில் வெட்டி எடுப்பார்.

நான் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். என் பெயர் சினேகா. அம்சாக்காவின் கடை எனக்குப் பக்கத்து ஷட்டர். அவருக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்தவள் நான். அவருக்காகப் புகார்களை டைப் செய்தவளும் நான்தான். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்சாக்கா பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவுக் குடும்பத்தில். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். இழை எண்ணிப் பழகிய கை என்பதால் எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவார். சீப்பின் பல், பஸ் ஜன்னலின் கம்பி, எதிரே இருப்பவரின் சட்டைக் கோடு என்று பேசிக்கொண்டே எண்ணுவார். கணவர் ஹேமநாதன் சொந்தத்தில் மாமன் மகன், அதனால் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவார். ஹேமநாதன் ஆர்.கே.பேட்டையைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கூடங்களில் ரிப்பேர் வேலை பார்க்கிறார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வரவேற்பு மேடைக்கு அக்கா கோட்டை வாசல் ஒன்று செய்து கொடுத்தார். கல்லுக்குக் கல் விரிசல், பெயர்ந்த காரை, இடுக்கில் முளைத்த செடி என்று எல்லாம் தெர்மாகோலில். மறுநாள் காலை ஆட்கள் அதை உடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் அவர்களை நிறுத்தி, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தான். பெயர் அருண்பாண்டியன். சென்னைக்காரன்.

“இத யாருக்கா செஞ்சது?”

“நான்தான். ஏன், எங்கனா உடைஞ்சி யார் மேலயாவது உழுந்துடுச்சா?”

அவன் சிரித்துவிட்டு, பையிலிருந்து கட்டைவிரல் உயரப் பொம்மை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். இரும்புக் கவசமும் கையில் துப்பாக்கியுமாக ஒரு சிப்பாய். மேசை மேல் ஆடும் போர் விளையாட்டாம். இரண்டு பேர் ஆளுக்கொரு படை வைத்துக்கொண்டு, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவார்களாம். சுவருக்குப் பின்னால் நிற்கிற சிப்பாய் மேல் குண்டு படுமா படாதா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது என்றான். அதனால் சுவர், படிக்கட்டு, பாலம் எல்லாம் மேசையில் நிஜமாகவே நிற்க வேண்டும். அதற்கு டெரெய்ன் என்று பெயர். அவனுக்கு வேண்டியது இன்னும் இருநூறு வருடம் கழித்து வரப்போகிற ஒரு நகரம்.

“இத பெரியவங்க ஆடுறாங்களா?” என்று அக்கா கேட்டார்.

“ஆமாக்கா. டாக்டருங்க, பேங்க் ஆபீசருங்கல்லாம் ஆடுறாங்க.”

அக்கா அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவசத்தில் எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார். பிறகு சரி என்றார்.

அவன் நாற்பது படம் அனுப்பினான். எல்லாம் வெளிநாட்டு ஓவியங்கள். மேகத்தைத் தொடும் கோபுரம், அந்தரத்தில் பாலம், எங்கு பார்த்தாலும் நீலமும் சிவப்புமாக விளக்கு. என் கம்ப்யூட்டரில் பெரிதுபடுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்த அக்கா கடைசியில் என்னைக் கேட்டார்.

“சினேகா, இதுல தண்ணித் தொட்டி எங்க இருக்குது?”

தேடினேன். ஒன்றும் இல்லை.

“நூறு மாடி ஆளுங்களும் குளிக்கவே மாட்டாங்களா? குப்பை எங்க போவுது? துணி எங்க காயுது? இவ்ளோ பெரிய ஊருல செருப்பு அறுந்தா தைக்கிறவரு எங்க உக்காருவாரு?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதில் கிடைக்காத கேள்வியாக அது அவருக்குள் போய்விட்டது. ஏழு மாதம் அந்தக் கேள்விக்குப் பதில் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தெர்மாகோல் உதிர்கிறது என்று, மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கப் போடும் நீல அட்டையை வாங்கினார். முதல் கோபுரத்துக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தார். எங்கள் கண்ணெதிரே அது கரைந்து குழிவிழுந்து சுருண்டுபோனது. அடுத்ததற்குச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் பசை கலந்து தூரிகையால் பூசினார். பழைய சாமான் கடையில் செத்துப்போன செட்டாப் பாக்ஸ்களைக் கிலோ கணக்கில் வாங்கி, உள்ளிருக்கும் பச்சைத் தகடுகளைச் சுவராக்கினார். ஊசி மூடி குழாய்க்கு, ஷாம்பு மூடி புகைபோக்கிக்கு, கொசு பேட்டின் வலை ஜன்னலுக்கு. ஹேமநாதன் கழித்துப்போட்ட போல்ட்டும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் ஒரு சாக்குப் பையில் வந்து சேர்ந்தன. மிச்சமான கல்யாணப் பத்திரிகை அட்டைகளில்தான் ஒவ்வொரு சுவருக்கும் அளவு வெட்டி வைத்துக்கொள்வார்.

சிப்பாயின் அடித்தட்டு ஒரு அங்குலம். அது சாயாமல் நிற்கிற மாதிரி ஒவ்வொரு படியையும் அளந்தார். பதினைந்து படிக்கு ஒரு முறை அகலமாக ஒரு இடம் விட்டார். “மலைக்குப் போற படி மாதிரி, ஏறுறவன் நின்னு மூச்சு வாங்கணும் இல்ல,” என்றார்.

முப்பத்தொரு கட்டடங்கள். ஆறடிக்கு நாலடி மேசையில் அடுக்கினால் ஓர் ஊர். எல்லாக் கூரையிலும் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து மாடி மாடியாக இறங்கும் குழாய், இரண்டு கோபுரத்துக்கு நடுவே பசையில் விறைத்த நூலில் தொங்கும் துணி, பாலத்துக்கு அடியில் ஒரு டீக்கடை, படிக்கட்டுத் திருப்பத்தில் செருப்பு தைப்பவரின் பெட்டியும் குடையும். அடித்தளத்தில் பம்ப் அறை. எல்லாம் துருப்பிடித்து, ஒழுகி, ஒட்டுப்போட்டு, ஆனாலும் ஜனம் குடியிருக்கிற ஊராக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஜெராக்ஸ் எடுக்க மறந்து நின்று பார்த்தார்கள்.

எடுத்துப்போக வந்த அருண்பாண்டியன் தொட்டிகளைப் பார்த்துச் சிரித்தான். “ஃப்யூச்சர் சிட்டில தண்ணி டேங்க்காக்கா?” ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான். “எல்லாரும் உங்க டேங்க்குக்குப் பின்னாடிதாங்க்கா ஒளியறாங்க. செமயா இருக்கு கேம்.”

பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டான். அதில் ஒரு குறையும் இல்லை. இது கூலி ஏமாற்றிய கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்றரை வருடம் போனது. போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரம், அரக்கோணத்திலிருந்து பென்சன் என்பவர் பைக்கில் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. வீட்டில் சொந்தமாக த்ரீடி பிரிண்டர் வைத்து, பிளாஸ்டிக்கில் சாமான் அச்சடிப்பவர். அவரும் நண்பர்களும் இதே விளையாட்டை ஆடுகிறவர்களாம். நன்றாகப் பெயிண்ட் அடிக்கிற அக்கா ஒருவர் திருத்தணியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அட்டைப் பெட்டியைத் திறந்து, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு மாடியை எடுத்து வைத்தார்.

“இதுக்கு துருப்பிடிச்ச இரும்பு மாதிரி கலர் அடிச்சித் தர முடியுமாங்க? மொத்தம் ஆறு மாடி இருக்குது.”

“ஆங், அடிக்கலாம். காவி கொஞ்சம்...” என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நின்றுவிட்டார். மாடியைக் கையில் எடுத்தார். சுவரைச் சுற்றி ஓடிய பள்ளங்களின் மேல் கட்டைவிரலை நகர்த்தினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“இத எங்க வாங்குனீங்க தம்பி?”

“பொருளா வாங்கலங்க. ஃபைல் மட்டும் ஆன்லைன்ல வாங்கி நானே பிரிண்ட் போட்டேன்.”

அக்கா எழுந்து உள்ளே போனார். சாக்குப் பையைக் கொட்டித் தேடும் சத்தம் கேட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் பல்சக்கரத்துடன் வந்தார். அதை அந்தப் பிளாஸ்டிக் சுவரில் வைத்து மெல்ல உருட்டினார். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இருபத்து மூன்று பள்ளம் முடிந்ததும் சுவரில் ஓர் இடம் வழவழவென்று இருந்தது. சக்கரத்தில் அந்த இடத்தில் பல் உடைந்திருந்தது. இருபத்து நான்கு பல் இருக்க வேண்டிய சக்கரம் அது. ஹேமநாதன் தறியிலிருந்து கழற்றிப்போட்டதே அந்த உடைந்த பல்லுக்காகத்தான். நீல அட்டையில் அதை அழுத்தி உருட்டித்தான் அக்கா முப்பத்தொரு கட்டடத்துக்கும் கோடு போட்டிருந்தார்.

பென்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. “ஐயோ, எனக்குத் தெரியாதுங்க,” என்றார் இரண்டு முறை.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நகரத்துக்கு ‘வெர்டிகா பிரைம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விற்பவர் பெயர் அருண்பாண்டியன். முப்பத்தொரு கட்டடமும் இருந்தது. அக்காவின் ஊரைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் ஃபைலாக்கி, உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தான் அருண்பாண்டியன். ‘எங்கள் ஸ்டூடியோ மூன்று ஆண்டுகள் உழைத்துக் கணினியில் வடிவமைத்தது. உத்வேகம்: டோக்கியோ, ஹாங்காங்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் படித்துச் சொன்னேன்.

“டோக்கியோ எங்க இருக்குது?”

“ஜப்பான்லக்கா.”

“அங்க எந்த மாடித் திருப்பத்துல குடைய விரிச்சிகினு செருப்பு தைக்கிறாங்களாம், கேட்டுச் சொல்லு.”

அந்தச் செருப்புப் பெட்டிக்குக் கீழே ‘ஆயுதம் பழுதுபார்க்கும் இடம்’ என்று போட்டிருந்தது. காயும் துணிக்கு ‘சிக்னல் கேபிள்’. டீக்கடைக்கு ‘சோதனைச் சாவடி’. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திருடியதோடு நிற்காமல், திருடியது என்னவென்றுகூடத் தெரியாமல் பெயர் வைத்திருந்தான்.

போன் செய்தோம். எடுக்கவில்லை. மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் நானும் அக்காவும் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம்.

இரண்டாவது மாடியில், இந்த விளையாட்டுக்கென்றே அவன் நடத்தும் ஏசி போட்ட கடை. நாலைந்து மேசைகளில் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கண்ணாடி மூடிக்குள் அக்காவின் ஊர். முன்னால் ஒரு பித்தளைத் தகடு, அதில் அருண்பாண்டியன் பெயர். அக்கா பெயர் எங்கேயும் இல்லை.

“வாங்கக்கா, சொல்லாம வந்துட்டீங்க,” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

“என் ஊர ஏன் தம்பி உன் பேர்ல வித்துகினு இருக்கிற?”

“உக்காருங்கக்கா. நான் உங்ககிட்ட காசு குடுத்துதானே வாங்குனேன்.”

“நீ வாங்குனது ஒண்ணு. அத வெச்சி ஆடு, உடை, கொளுத்து, நான் கேக்க மாட்டேன். ஊரெல்லாம் அச்சடிச்சிக்க விட்டிருக்கிற. அதும் நீ செஞ்சேன்னு எழுதி வெச்சிருக்கிற.”

“ஸ்கேன் எடுத்து, கிளீன் பண்ணி, பிரிண்ட்டுக்கு ரெடி பண்ணது என் டீம்க்கா. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால புரியல. ரெஃபரன்ஸ் படம் யார் அனுப்புனது? நான்தானே. ஐடியா என்னோடது, கை உங்களோடது. நீங்க பண்ணது லேபர்.”

லேபர் என்ற அந்தச் சொல்லை அவன் கோபமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சிரித்த முகத்தோடு சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்தினார்.

“நீ அனுப்புன படத்துல தண்ணித் தொட்டி இருந்துதா?”

“அதெல்லாம் சின்ன டீடெய்லிங்க்கா.”

“சரி. இந்தச் சுவத்துல கோடு போட்டிருக்குதே. இருபத்தி மூணு பள்ளத்துக்கு ஒருக்கா ஒரு இடம் சும்மா உட்டிருக்குது பாரு. அது எதுக்கு?”

அவன் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான். இதுவரை அவன் அதைக் கவனித்திருக்கவே மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது டிசைன்க்கா. சிட்டியோட எனர்ஜி லைன். துடிப்பு மாதிரி, ஒரு கேப் விட்டு விட்டுப் போகும். தெரிஞ்சேதான் வெச்சோம்.”

அக்கா தலையாட்டினார். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, “கேட்டுக்கினீங்களா தம்பிங்களா,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வருவதற்கு முன் கண்ணாடிக்குள் ஒரு தொட்டி ஒட்டு விட்டுச் சாய்ந்திருப்பதைக் கண்டார். மூடியை நகர்த்தி நிமிர்த்தி வைக்கக் கை நீட்டினார்.

“டச் பண்ணாதீங்கக்கா. டிஸ்பிளே பீஸ்.”

நீட்டிய கையை அக்கா மடக்கிக்கொண்டார். திரும்பும் ரயில் திருவள்ளூரைத் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “டச் பண்ணாதன்றான், சினேகா. என்னப் பாத்து.”

மறுநாள் அந்த விற்பனைத் தளத்துக்குப் புகார் அனுப்ப உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் ஒரு படிவம். உங்கள் படைப்பின் மூல டிஜிட்டல் ஃபைலை இணைக்கவும் என்று ஒரு கட்டம். மூல ஃபைல் கிடையாது, இது கையால் வெட்டியது என்று எழுதி அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. மூல ஃபைல் இல்லாமல் உரிமையைச் சரிபார்க்க இயலாது, நன்றி, நாள் இனிதாகட்டும்.

“கைல செஞ்சது ஒரிஜினல் இல்லியாமா?” என்றார் அக்கா. அதைத் திருடி மெஷினில் ஏற்றியவன் கையில் இருப்பதுதான் ஒரிஜினலாம். இப்படி ஒரு படிவத்தை யோசித்து எழுதியவர் வாழ்க்கையில் எதையாவது கையால் செய்திருப்பாரா என்று நான் நினைத்தேன். அந்தக் கேள்வியையும் இரண்டாவது புகாரில் எழுதினேன். பிறகு அக்கா சொல்லி அழித்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஹேமநாதன் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் முதலில் அவருக்கும் விளங்கவில்லை. “உடு அம்சா. நான் போய் ஒரு தறிய ரிப்பேர் பண்ணிட்டு வந்தா, அது என் தறின்னு சொல்லிகினு திரியறனா?” என்று கேட்டுவிட்டார்.

“நான் ரிப்பேரா பாவா பண்ணேன்?” என்று திருப்பிக் கேட்டார் அக்கா. சந்தில் உள்ளவர்களும் பொம்மை வீட்டுக்குப் போய் இவ்வளவு ரகளையா என்றார்கள். மேடை அலங்காரக் காண்ட்ராக்டர் ஒருவர், இந்த வம்பெல்லாம் வேண்டாம், முகூர்த்த வேலையைப் பார் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒவ்வொரு மேடையிலும் தன் பெயரையும் போன் நம்பரையும் இரண்டடி எழுத்தில் அக்காவை வைத்துத்தான் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்.

வீடியோ எடுக்கலாம் என்று சொன்னது பென்சன். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்த கையோடு வந்தார். என் கடையில், பட்டப்பகலில், அவர் போனைப் பிடிக்க, அக்கா உட்கார்ந்தார். முகம் காட்ட மாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் “காட்டு, நான் எதுக்கு ஒளியணும்,” என்றார்.

புது நீல அட்டை ஒன்றை வைத்து, சக்கரத்தை அழுத்தி உருட்டினார். இருபத்து மூன்று பள்ளம், ஓர் இடைவெளி. அதே சக்கரத்தைப் பென்சனின் பிளாஸ்டிக் சுவரில் உருட்டினார். பல் பல்லாகப் போய்ப் பொருந்தியது. உடைந்த பல்லைக் கேமராவுக்கு அருகே காட்டினார். பிறகு அளவு அட்டைகளைப் பரப்பினார். முப்பத்தொரு கட்டடத்தின் சுவரும் அதில் இருந்தது. ஒரு கோபுரத்தின் அட்டையைத் திருப்பினால், டில்லிபாபு – பிரியங்கா திருமணம், தேதி, மண்டபம். அருண்பாண்டியனின் ஸ்டூடியோ டோக்கியோவைப் பார்த்து உத்வேகம் பெற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்ன அதே வருடம். கடைசியாக அக்கா பேசியதை நான் ஆங்கிலத்தில் எழுத்தாகக் கீழே போட்டேன்.

“இது எனர்ஜி லைன் இல்லிங்க. எங்க வீட்டுக்காரரு ரிப்பேருக்குப் போன தறில உடைஞ்ச சக்கரம். அதுல ஒரு பல்லு இல்ல. இது சிக்னல் கேபிள் இல்ல, துணி காயுது. உங்க வீட்ல இந்தக் கட்டடம் இருந்தா எண்ணிப் பாருங்க.”

ஜனங்கள் எண்ணினார்கள். பென்சன் அந்த வீடியோவை விளையாடுகிறவர்களின் குழுக்களில் போட்ட மறுநாளிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒரு பெண். சிலர் பச்சை அடித்திருந்தார்கள், சிலர் கறுப்பு. எல்லோரும் விரலை வைத்துக் காட்டியிருந்தார்கள். இருபத்து மூன்று, ஓர் இடைவெளி. சென்னைக் கடையில் அன்று ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவன், அருண்பாண்டியன் ‘எனர்ஜி லைன்’ என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாக எழுதினான். பதினோராம் நாள் அந்தத் தளம் முப்பத்தொரு ஃபைலையும் எடுத்துவிட்டது. காரணம் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதில் வருத்தம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. நான் மூன்று முறை தேடினேன்.

அருண்பாண்டியன் தன் பக்கத்தில் ஓர் அறிக்கை போட்டான். எங்கள் வெண்டர் ஒருவருடன் ஏற்பட்ட புரிதல் குறைபாடு என்று அதற்குப் பெயர். அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி. வீடியோவை எடுத்துவிட்டால் ‘கைவினை உதவி: திருத்தணி அம்சா’ என்று கடைசி வரியில் போடத் தயாராம். அக்கா என்னைப் பதில் எழுதச் சொன்னார். “உதவி நீ பண்ண, தம்பி. நான் கட்டுனேன்.” அவ்வளவுதான் எழுதச் சொன்னார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒரு மாதத்தில் அருண்பாண்டியன் வேறொரு தளத்தில் அதே ஊரை வேறு பெயரில் விற்பனைக்குப் போட்டான். இந்த முறை இடைவெளிகளைக் கம்ப்யூட்டரில் நிரப்பியிருந்தார்கள். வரிசையாக, ஒரு பள்ளமும் விடாமல். தண்ணீர்த் தொட்டிக்கு ‘பிளாஸ்மா கலன்’. செருப்புப் பெட்டி அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டால் படிக்கட்டுத் திருப்பம் வெறுமையாகத் தெரியும் என்று அவனுக்கே புரிந்திருக்கும்.

பென்சன் போனில் அதைக் காட்டியபோது அக்கா அவருடைய அரக்கோணத்து நண்பர்கள் கேட்ட புது மேசைக்குக் குப்பைக் கிடங்கு ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். சூட்டுக் கம்பியை அணைத்தார். படத்தை விரலால் பெரிதாக்கி, நிரப்பிய இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தப்ப சரி பண்ணி வெச்சிருக்கான் பாரேன். என் தப்ப.” குரல் உயரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் கண்ணில் நீரைப் பார்த்தேன். துடைத்துக்கொண்டு, “வக்கீல் யாரு நல்லவரு இங்க?” என்று கேட்டார்.

திருத்தணி கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ராஜகோபாலின் அலுவலகம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான்கு பேரும் போனோம். ஹேமநாதன் தறிக் கூடம் ஒன்றுக்கு லீவு சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அக்கா கேட்கவில்லை, அவராகவே வந்தார். வக்கீல் முதலில், “பொம்மைக்கா கேஸு?” என்றார். பென்சன் வீடியோவைப் போட்டுக் காட்டினார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாவது முறை போடச் சொன்னார். சக்கரத்தை வாங்கித் தானே பல்லை எண்ணினார். இது சீக்கிரம் முடிகிற விஷயம் இல்லை, வருடக்கணக்கில் ஆகலாம், ஜெயிப்போம் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்றார். அக்கா ஆங் என்றார்.

நோட்டீஸும் பிரமாணப் பத்திரமும் தயாரானதும் குமாஸ்தா படித்துக் காட்டினார். ஹேமநாதன் மனைவி அம்சா, வயது நாற்பத்தொன்று, இல்லத்தரசி.

“நில்லுங்க,” என்றார் அக்கா. “இல்லத்தரசின்னு யாரு சொன்னது?”

“வழக்கமாப் போடறதும்மா. லேடீஸ்னா அப்படித்தான் போடுவோம்.”

“நான் இருபது வருஷமா வேலை செஞ்சிகினு இருக்கறேன். இந்தக் கேஸே அதுக்குத்தான். அத அடிங்க.”

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். வக்கீல், “சரி, என்ன போடட்டும்? கைவினைத் தொழிலாளின்னு போடலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்.”

“அலங்கார வேலை?”

“அதும்தான் செய்றேன். ஆனா அவன் எடுத்துகினு போனது அது இல்லிங்களே.” கொஞ்சம் யோசித்தார். ஹேமநாதன் பக்கம் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. “அவன் அவனுக்கு என்ன பேரு போட்டுக்கினானோ அது.”

டிசைனர் என்று நான் சொன்னேன். வக்கீல் குமாஸ்தாவிடம், “மாதிரி நகர வடிவமைப்பாளர்னு போடுய்யா,” என்றார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்து எடுத்து வந்தார்கள். அக்கா அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று தானும் பார்த்தார். ‘ளர்’ என்பதில் ‘ள’ சரியா, ‘ல’ போட்டிருக்கிறார்களா என்று விரல் வைத்துப் பார்த்தார். எழுத்து வெட்டுகிறவர் இல்லையா. அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.